மூடிய கடைக்கு ஒரு மணி நேரம்

பூட்டிய கடை எதைக் கண்டாலும் மேடம் நின்றுவிடுவார். பெயர்ப்பலகையை மேலிருந்து கீழ்வரை படித்த பிறகுதான் நகர்வார். ஒரே தெருவில் குடியிருந்ததால் சிறுவயதிலிருந்தே இதைப் பார்த்திருக்கிறேன். பிறகு பல்கலைக்கழகத்தில் அவரிடமே தொழில்முனைவு படித்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அவருடைய துறையிலேயே உதவியாளராகச் சேர்ந்தபோதுதான் காரணம் தெரிந்தது: அவருடைய அண்ணன் பொம்மைக் கடை வைத்து, நஷ்டப்பட்டு மூடியவர்.

பாடத்திட்டத்தைத் திருத்தும் பொறுப்பு வந்ததும் மேடம் ஆறாவதாக ஓர் அலகு எழுதினார்: தொழிலை மூடுவது. வேலையாட்களிடம் எப்போது சொல்வது, மிஞ்சிய சரக்கை என்ன செய்வது, மறுநாள் காலை எங்கே போவது. அண்ணனே வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசுவதாக ஏற்பாடு.

"என்னை நிக்க வச்சு பசங்களைச் சிரிக்க வைக்கப் போறியா?"

"சிரிச்சா சிரிக்கட்டும்ணே. நீ வர்றே."

அன்று மாலையே அண்ணன் முடிவெட்டிக்கொண்டார்.

பாடத்திட்டக் குழுவில் துறைத்தலைவர் சிரித்தார். "கல்யாண வீட்டுல விவாகரத்து பத்தி பேசுற மாதிரி இருக்கு மேடம்."

இருக்கும் ஐந்து அலகில் எதையும் குறைக்க யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒருவர் வழி சொன்னார்: "சுயமாகப் படிக்கும் பகுதின்னு போட்டுடலாம்." மேடம் தலையாட்டிவிட்டார்.

சுயமாகப் படிக்கும் பகுதிக்கு வகுப்பு கிடையாது, தேர்வில் கேள்வியும் கிடையாது. வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"பாடத்தை உள்ளே விட்டுட்டு அண்ணனை வெளியே நிறுத்திட்டேனே!"

அண்ணனிடம் "அடுத்த தடவைண்ணே" என்றார். அடுத்த திருத்தத்தில் வகுப்பு நேரம் கேட்டபோது, "அதான் ஏற்கெனவே இருக்கே மேடம்" என்று குழு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அந்தப் பகுதியை ஒரு மாணவரும் புரட்டியதாகத் தெரியவில்லை. நான் படித்த நாளில் இருந்ததும் அந்த ஐந்து அலகுதான். கடை ஒன்று போடும் ஆசை எனக்கு உண்டு, துணிச்சல் இல்லை. விழுந்தவர் ஒருவர் எதிரே நின்று பேசியிருந்தால் வந்திருக்குமோ என்னவோ.

போன மாதம் மேடம் ஓய்வு பெற்றார். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அண்ணன் மேடத்தின் அருகில் வந்தார்.

"எல்லாரும் பேசிட்டாங்க. என் ஒரு மணி நேரம் எங்கம்மா?"

"வீட்டுக்கு வாண்ணே, உக்காந்து பேசலாம்."

"உனக்குத்தான் என் கதை தெரியுமே. தெரியாத பசங்க இங்கதானே இருக்காங்க?"

மேடம் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு மணி நேரம் இன்னும் பாக்கி.