வெங்காயம் கிடந்த கண்ணாடித் தொட்டி

போன வருடம் குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசி வரைக்கும் சாரல் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்தது. சவூதியில் ஒரு கம்பெனியின் கிடங்கில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று நான் ஊர் வந்து சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

லீவில் வரும்போதெல்லாம் வீட்டில் எனக்கு ராஜ மரியாதை நடக்கும். ஒரு மாதத்துக்கு அது சரி. நிரந்தரமாக வந்த பிறகும் அதே மரியாதை தொடர்ந்தால் மனுஷன் என்ன செய்வான்? எனக்கென்று தனித் தட்டு, தனி நாற்காலி. மனைவியும் மகனும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே போனதும், "வாங்க வாப்பா, உக்காருங்க" என்று மகன் எழுந்து நிற்பான். அதோடு பேச்சு நின்றுவிடும். மகளைச் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் போன் செய்தால் என் உடம்பை விசாரித்துவிட்டு, "உம்மாட்ட குடுங்க" என்பாள். யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குறை வைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மனைவியோடு பேசுவதுதான் ஆகக் கஷ்டமாக இருந்தது. அங்கே இருந்தபோது போனில் மணிக்கணக்காகப் பேசியவள், எதிரே உட்கார்ந்தால் "டீ போடட்டுமா?" என்பதைத் தாண்டமாட்டாள். எனக்கும் வார்த்தை வராது. ஒருநாள் கடைத்தெருவில் நின்றுகொண்டு, என்ன காய் வாங்கவேண்டும் என்று கேட்கப் போன் போட்டேன். கலகலவென்று பேசினாள். அதற்கப்புறம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளோடு பேசவேண்டும் போலிருந்தால் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவேன்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் வண்ண மீன் கடை ஒன்றில் அந்தத் தங்க மீனைப் பார்த்தேன். கனத்த வயிறு, ஆரஞ்சு நிறம், பாவாடை போல விரிந்த வால். ஒரு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் தீனி டப்பாவும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்து, முன்னறையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சில நாட்களில் அந்த மீன் என்னோடு ஒட்டிக்கொண்டது. அப்படித்தான் நினைத்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எனக்கு அது ஸலாம் சொல்வது மாதிரியே தோன்றும். நானும் பேசுவேன். கிடங்கில் என்னோடு வேலை பார்த்தவர்களைப் பற்றி, அங்கத்திய வெயிலைப் பற்றி, வீட்டில் யாரும் கேட்காத கதையெல்லாம் அதனிடம் சொல்வேன். பேசப் பேச அது வாயைத் திறக்கும். பசிக்கிறது போல என்று இன்னும் ஒரு சிட்டிகை தீனி போடுவேன். "பாரு, என்னைப் பாத்தாத்தான் மேல வருது" என்று மனைவியிடம் பெருமையடிப்பேன். அவள் சிரித்துக்கொள்வாள்.

தண்ணீர் விஷயத்திலும் நான் ஒரு வேலை செய்தேன். குற்றாலத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் ஆயிற்றே! மனிதனுக்கு நல்லதென்றால் மீனுக்கும் நல்லதுதானே? ஐந்தருவிக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் ஒரு கேன் நிறையப் பிடித்து வந்து, கிண்ணத்தில் இருந்ததை முழுசாகக் கொட்டிவிட்டு இதை ஊற்றிவிடுவேன். அத்தனை தீனி போட்டும் தண்ணீர் கலங்கவே இல்லை. "எல்லாம் மூலிகையோட மகிமை" என்று பள்ளிவாசலில் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கும் நாலு பேரிடம் அளந்துவிட்டேன். அவர்களும் தலையாட்டினார்கள்.

ஒருநாள் காலையில் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி மிதந்தது. வாய் மட்டும் மேலே திறந்து திறந்து மூடியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வீட்டில் என்னைப் பார்த்ததும் கிட்டே வருகிற ஒரே உயிர் அதுதான் என்று நினைத்திருந்தேன். புதிதாக அருவித் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று, கேனைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே பைக்கில் கிளம்பினேன்.

ஐந்தருவியில் வெள்ளம். குளிக்கத் தடை என்று தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் கேனைக் காட்டி, மீனுக்குக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் வேண்டும் என்று கேட்டேன். "அண்ணாச்சி, அங்கன பாத்தியளா, தண்ணி என்ன நெறத்துல வருதுன்னு? மீனுக்குன்னா நல்ல தண்ணி வேண்டாமா? வீட்டுக்குப் போங்க" என்றார். அருவி செம்மண்ணாகக் கொட்டிக்கொண்டிருந்தது. காலி கேனோடு திரும்பிவிட்டேன். வழக்கமாக நான் குளித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து வர மதியம் ஆகும். அன்று சீக்கிரமே வந்துவிட்டேன்.

முன்கதவு லேசாகத் திறந்திருந்தது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் பழைய டீ வடிகட்டி. கிண்ணத்தின் அடியில் ஊறிக் கிடந்த தீனியை அதில் அள்ளி எடுத்தாள். பிறகு ஒரு டம்ளரால் பாதித் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, பக்கத்து வாளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே மீனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மூச்சு முட்டுதா? கொஞ்சம் பொறுத்துக்க. அவுக வருததுக்குள்ள மாத்திருதேன்."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நிழல் விழுந்ததும் திரும்பிப் பார்த்தாள். வடிகட்டியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள், பாவம்.

"வந்துட்டியளா? டீ போடட்டுமா?"

"டீ இருக்கட்டும். அது என்னைப் பாத்து மேல வரலையா?" என்று கேட்டேன். இதைத்தான் முதலில் கேட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தண்ணிக்குள்ள காத்து பத்தல. அதான் மேல வந்து வாயத் தொறக்கு. கிண்ணம் அதுக்குச் சின்னதுங்க. திங்கத் திங்கப் போட்டா தண்ணி கெட்டுப்போவும். நீங்க ஒரேயடியா அத்தனையும் மாத்தினா குளிர்ச்சி வேற தாங்காது. கொழாத் தண்ணியில மருந்து கலந்திருக்கும்லா, ஒருநா வச்சாத்தான் அது போவும், அதான் வாளியில முந்தின நாளே பிடிச்சு வச்சு, நீங்க வெளிய போனப்புறம் பாதி பாதியா மாத்துவேன்."

மூலிகையின் மகிமை என்னவென்று அப்போது விளங்கிவிட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? அது உங்களப் பாத்துதான் வருதுன்னு அத்தன சந்தோசமா இருந்திய."

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நம் வீட்டில் முன்பே ஒரு தங்க மீன் இருந்தது என்றாள். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கியது. அதுவும் முதலில் கிண்ணத்தில் தவித்து, அப்புறம் பெரிய தொட்டிக்கு மாற்றியதும் தேறியதாம். "நீங்க ஒரு லீவு முடிஞ்சு போயி மறு லீவுக்கு வருததுக்குள்ள, அது வந்து, வளந்து, செத்தும் போச்சு. அன்னைக்கு மக அழுத அழுகையில உங்க போனுக்கே வரல. சளி பிடிச்சுத் தொண்ட கட்டியிருக்குன்னு உங்கட்ட சொன்னேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. சளிக்கு மருந்து வாங்கிக்கொடு என்று அங்கிருந்து புத்திமதி சொன்னவன் நான்.

"அந்தத் தொட்டி எங்க?"

"ஸ்டோர் ரூம்லதான் கெடக்கு. வெங்காயம் போட்டு வச்சிருக்கேன்."

எத்தனையோ முறை அந்தத் தொட்டியிலிருந்து நானே வெங்காயம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஊர் பேர் தெரியாத சரக்கையெல்லாம் கிடங்கில் எண்ணி அடுக்கியவன், என் வீட்டு ஸ்டோர் ரூமில் ஒரு கண்ணாடித் தொட்டி ஏன் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. வந்த விருந்தாளி அதையெல்லாம் கேட்கமாட்டான் அல்லவா?

வெங்காயத்தைக் கீழே கொட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தொட்டியை வெளியே தூக்கி வந்தோம். சோப்பு போடக் கூடாது என்றாள். வெறும் தண்ணீரில் வாடை போகும்வரை தேய்த்துக் கழுவினோம். தண்ணீர் நிரப்பி ஒழுகவில்லை என்று பார்த்து, ஒருநாள் அப்படியே விட்டோம். நான் போய்க் காற்றடிக்கிற மோட்டாரும் வடிகட்டியும் வாங்கி வந்தேன். மறுநாள் மீனை உள்ளே விட்டபோது அது ஒரு மூலையில், அடியில் போய்க் கிடந்தது. அசையவே இல்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியும் என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சும்மா இருக்க முடியாமல், "இன்னும் என்னல்லாம் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

தொட்டிக் கண்ணாடியில் இருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு சொன்னாள். போன் கேமரா ரிப்பேர் என்று வாரக்கணக்கில் முகம் காட்டாமல் பேசினாளே, அப்போது மாடிப்படியில் விழுந்து கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தாளாம். "அங்கன இருந்து நீங்க என்ன செய்ய முடியும்? சொன்னா அந்த ரூம்ல ஒத்தையில கெடந்து மருகுவிய." நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு லேசாகப் புடைத்திருந்தது. எத்தனை லீவு வந்திருக்கிறேன், அதைக்கூட நான் பார்த்ததில்லை. அழுதுவிட்டேன்.

"நானும் அங்க நல்லா இருக்கேன்னுதான் சொல்லிட்டிருந்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

மறுநாள் காலையில் மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. இப்போது உள்ளங்கை அளவு வளர்ந்துவிட்டது. அளவாகத் தீனி போடுகிறேன், பாதித் தண்ணீர் மாற்றுகிறேன், வாளி பிடித்து வைப்பது என் வேலை. மகனுடைய மரியாதை இன்னும் குறையவில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோகிற நேரங்களும் இருக்கின்றன. தவறவிட்ட வருடங்கள் ஒரு மழைக்காலத்தில் திரும்பி வந்துவிடுமா? நான் பக்கத்தில் உட்கார்ந்தாலும் மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே ஓடி வருவதில்லை. அடியில் அதன் பாட்டுக்குத் திரிகிறது. முதலில் எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. அது நன்றாக இருக்கிறது, அதனால்தான் வரவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வீட்டில் யாராவது "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் மட்டும், இப்போதெல்லாம் நான் சரி என்று எழுந்து போய்விடுவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.