கருப்பையா எழுந்து போனால் பாடம் இல்லை

1. முதல் நாள்

இலங்கையில், மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கியபோது, கூட்டத்தில் எல்லோரையும் விட ஒரு தலை உயரமாக ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. என் பெட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க எல்டர், வீடு கிட்டத்தான். ஆனா மேடு" என்றார்.

அவர் எல்டர் தவுஃபா. பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா தீவுக்காரர். 'எல்டர்' என்பது மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில், வெளியூர் போய்ப் போதிக்கும் எங்களைப் போன்ற இளம் ஊழியர்கள் எல்லோருக்கும் பெயருக்கு முன்னால் போடுகிற பட்டம்.

"தமிழ் எங்க படிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மரக்கறிக் கடையில. அதனால விலை மட்டும் நல்லாப் பேசுவேன்."

நான் கோயம்புத்தூர்க்காரன். இப்போது பம்ப்செட் சர்வீஸ் பார்க்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்த முதல் வேலை, சம்பளமே இல்லாத இந்த ஊழியம். ஆனால் ஒழுங்கில் எந்தக் கம்பெனிக்கும் குறைந்ததல்ல. காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். உடற்பயிற்சி, வேதப் படிப்பு, பிறகு தெரு. டீ, காபி, சினிமா எதுவும் கிடையாது. திங்கட்கிழமை துணி துவைக்கலாம், முடி வெட்டலாம், வீட்டுக்கு போன் பேசலாம். எங்கே போனாலும் கூட்டாளி ஊழியரோடுதான் போக வேண்டும். தவுஃபாவைக் கண்பார்வையில் வைத்திருப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

எங்கள் சபை, டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேலே இருந்த வாடகை ஹால். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை ஒரு சின்ன வேனில் ஏற்றிவிடலாம். அதே ஹாலில் வார நாட்களில் இலவச ஆங்கில வகுப்பு நடத்தினோம். சுகந்தி வந்தது அந்த வகுப்புக்குத்தான். அலுவிகாரைப் பக்கத்தில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில், வெள்ளைக்காரப் பயணிகளுக்கு மிளகுக் கொடியையும் கொக்கோவையும் காட்டி விளக்குவது அவர் வேலை. வகுப்பு முடிவில் நாங்கள் ஜெபம் செய்வதைச் சில மாதங்கள் பார்த்தார். கேள்விகள் கேட்டார். ஒரு நாள், "நான் இத முழுசாப் படிக்கணும்" என்றார்.

"வீட்டில தெரியுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் சொல்லல. ஆனா அப்பாவுக்குத் தெரியாம ஒண்ணும் செய்ய மாட்டேன். நீங்க வீட்டுக்கே வாங்க."

2. தேயிலைக்கு என்ன விரோதம்?

சுகந்தியின் வீடு ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சுவரில் அவர் படம், அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு. அப்பா கருப்பையா தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலை உருட்டும் மெஷினில் வேலை பார்ப்பவர். மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். கோயில் தலைவர் வீட்டு வாசலில் டை கட்டிய இரண்டு பேர் நின்றதைப் பார்த்து லயமே வெளியே வந்துவிட்டது.

கருப்பையா முகத்தைச் சுளிக்கவில்லை. உட்காரச் சொன்னார். முதலில் டீ வந்தது. நாங்கள் குடிப்பதில்லை என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"நாங்க உருட்டுற தேயிலை தம்பி இது. உங்க சாமிக்குத் தேயிலை மேல என்ன விரோதம்?"

தவுஃபா பணிவாகச் சொன்னார்: "விரோதம் இல்ல ஐயா. சாமி சொன்னாரு, நான் கேட்டேன். மணம் மட்டும் தாங்க." டம்ளரை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி நன்றாக இழுத்தார். வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். கருப்பையா சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே திரும்பி, "சுடுதண்ணியில இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டா" என்றார்.

பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். "எம் மகளத் தனியாக் கூட்டிட்டுப் போயிப் பேசுறதெல்லாம் நடக்காது."

"எங்களுக்கும் அது கூடாதுங்க ஐயா. ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்றதா இருந்தா, பெரியவர் ஒருத்தர் கூட இருக்கணும். அது எங்க சட்டம்" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "அப்ப நான் எந்திரிச்சுப் போனா?"

"பாடம் இல்லீங்க. நாங்களும் எந்திரிச்சு வெளிய வந்துருவோம்."

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை என்பது அடுத்த வாரம் புரிந்தது.

3. தாழ்வாரம்

அடுத்த வாரம் நான் புத்தகத்தைத் திறந்ததும் கருப்பையா எழுந்தார். "கோயில்ல வேலை இருக்கு" என்று கிளம்பினார். நாங்களும் எழுந்தோம். அதற்கடுத்த வாரம் அவருக்கு ஃபேக்டரியில் வேலை. அதற்கும் அடுத்த வாரம் தலைவலி. மேட்டில் ஏறி, புத்தகத்தைத் திறந்து, மூடி, இறங்கி வருவதே எங்கள் வேலையாகிவிட்டது. பஸ்ஸில் தவுஃபா, "நம்ம காலுக்கு நல்ல பாடம்" என்பார். எனக்குச் சிரிப்பு வராது. இரவு ஜெபத்தில் கருப்பையாவின் மனதை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன்.

ஒரு நாள் நாங்கள் போய் உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அன்றும் கருப்பையா எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு பிள்ளை மடுவத்துத் தாழ்வாரத்தில் போய் நின்றார். வேலைக்குப் போகும் தாய்மார் பகலில் குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டடம் அது. எங்களிடம் குடை இல்லை. ஓடிப்போய் அவர் பக்கத்திலேயே ஒதுங்கினோம். தவுஃபாவுக்கு இடம் விட அவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கருப்பையா மழையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "அவ இதுல சேந்துட்டா, அவங்க அம்மா படத்துக்கு யாரு வெளக்கு வைப்பா? நாளைக்கு எனக்கு யாரு வைப்பா?"

என் தலையில் ஓடியதெல்லாம் வசனங்கள்தான். தவுஃபாதான் பேசினார். "எங்க ஊர்ல செத்தவங்கள மறக்க மாட்டோம் ஐயா. கல்லறையில பூ வைப்போம், கூடவே உக்காந்து பாடுவோம். சுகந்தி அக்காகிட்டக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

"என்ன சொல்லுவாளோன்னு பயம்தான்."

மழை விட்டதும் அவர் வீட்டுக்குள் போனார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். அப்பாவும் மகளும் பேசியது காதில் விழுந்தது.

"அம்மா எனக்கு அம்மாதானேப்பா. அந்த வெளக்க நான் ஒரு நாளும் அணைக்க மாட்டேன். உங்களையும் விட்டுட்டு எங்கயும் போகல. ஞாயித்துக்கெழம காலையில மட்டும் டவுனுக்குப் போறேன், அவ்வளவுதான்."

பிறகு கருப்பையா வெளியே தலையை நீட்டி, "என்ன நிக்கிறீங்க? வந்து பாடத்தச் சொல்லுங்க" என்றார். அன்று அவர் எழுந்து போகவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரேடியோ கேட்டார். அடுத்த வாரங்களில் ரேடியோ சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நாங்கள் நோன்பைப் பற்றிப் பேசிய நாளில் அவரே திரும்பி, "தண்ணியும் குடிக்க மாட்டீங்களா?" என்று விசாரித்தார். குடிப்பதில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் திரும்பிக்கொண்டார்.

4. சுதுகங்கையில்

பாடங்கள் முடிந்து சுகந்தி சபையில் சேரத் தயாரானார்; ஆனால் ஞானஸ்நானத்துக்கு எங்கள் ஹாலில் தொட்டி இல்லை. சுதுகங்கை ஆற்றில் இடுப்பளவு ஆழமுள்ள ஓர் இடத்தைப் பார்த்து வைத்தோம். சனிக்கிழமை காலை சபையார் கரையில் கூடினார்கள். கருப்பையா வருவார் என்று சுகந்தி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாட்டுப் பாடி முடிக்கும் நேரத்தில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "பாறை வழுக்கும். யாராவது விழுந்துறக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றார்.

எங்கள் முறைப்படி ஆள் முழுவதுமாகத் தண்ணீருக்குள் போக வேண்டும். ஜெபத்திலும் ஒரு வார்த்தை பிசகக் கூடாது. இரண்டும் சரிதானா என்று பார்க்க இரண்டு சாட்சிகள். நான் ஒருவன்; இன்னொருவர் சபைப் பெரியவர். தவுஃபா வெள்ளை உடையில் தண்ணீரில் நின்றார். முதல் தடவை ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். மறுபடி சொன்னார். இரண்டாம் தடவை வார்த்தை எல்லாம் சரி; சுகந்தியின் உடைக்குள் காற்றுப் புகுந்து முழங்கால் மேலே வந்துவிட்டது. கரையில் குழந்தைகள் சிரித்தார்கள். தண்ணீரில் நின்ற சுகந்திக்கே சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாம் தடவை அவர் எழுந்ததும் நான் சாட்சிப் பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சரி என்று இருவரும் தலையசைக்கப் போனோம்.

"ஏய், நில்லுங்க!" என்று பாறையிலிருந்து குரல். கருப்பையா. "சடை மெதந்துச்சு! நான் இங்கருந்து பாத்தேன். நுனி உள்ள போகவே இல்ல. மறுபடி முக்குங்க தம்பி!"

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் சற்றும் கூச்சப்படவில்லை. "செய்யிறதுன்னா ஒழுங்காச் செய்யணும்ல? பொறகு இது செல்லாதுன்னு சொல்லிட்டா?" என்றவர், தண்ணீரில் இறங்கி, மகளின் சடையைக் கொண்டையாக முடிந்து விட்டு, மறுபடி பாறையில் ஏறி நின்றார். நான்காம் தடவை சுகந்தி முழுவதும் முங்கினார். நான் தலையசைப்பதற்கு முன்னால் கருப்பையா தலையசைத்துவிட்டார்.

அவர் எங்கள் சபையில் சேரவில்லை. இன்றைக்கும் கோயில் தலைவர் அவர்தான். மனதை மாற்று என்று நான் ஜெபித்தபோது நினைத்திருந்தது வேறு. நம் நம்பிக்கையை ஏற்காத ஒருவர், அது நமக்குக் குறையில்லாமல் நடக்க வேண்டும் என்று நினைக்க முடியும் என்பதை நான் படித்தது அந்த ஆற்றில்தான்.

துண்டால் கால் துடைக்கும்போது அவர் என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு இது நடந்தப்ப உங்க அப்பா வந்தாரா?"

"இல்லீங்க ஐயா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை வீட்டுக்கு போன் பேசும்போது, போனை அப்பாவிடம் கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்லி, அவரிடம் இதை முழுவதும் சொன்னேன். நான் சபையில் சேர்ந்ததிலிருந்து அதைப் பற்றியோ ஊழியத்தைப் பற்றியோ நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. சடை மிதந்த இடம் வந்ததும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"உன்னைய எத்தனை தடவைடா முக்குனாங்க?"

"ஒரே தடவைதானுங்கப்பா."

"முழுசா முங்குனயா?"

"முங்குனேனுங்கப்பா."

"அப்பச் சரி" என்றார்.