கேக் கொண்டுவந்த பெண்

லாசால் என்ற பிரெஞ்சு பேசும் ஊரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் என்னோடு பொதி கட்டியவர் அந்தத் தென் அமெரிக்கப் பெண். வலைத்தொப்பிக்குள் நரைத்த முடி. உதட்டுச்சாயம் பூசாமல் ஒருநாளும் வேலைக்கு வரமாட்டார்.

அவர் நாட்டு ஜனாதிபதி, வாக்குக் கணக்கைக் காட்டாமலே தேர்தலில் தான் வென்றதாக அறிவித்தார். எதிர்க்கட்சிக்கு ஆதரவான இவர் மறுநாள் எங்களுக்குக் கேக் கொண்டுவந்தார்.

"தோத்தவைக்கு என்ன கேக்? கேட்டுப் பாரும்," என்றார் பக்கத்து மெஷின் அண்ணை. நான் பிரெஞ்சில் கேட்டேன்.

"வென்றது நாங்கள். வென்றவன் கணக்கை ஒளிப்பானா?"

"ஆமி அந்தாளோடதானே நிக்குது?" என்றார் அண்ணை. அதையும் கேட்டேன்.

"என் தம்பி அந்த ராணுவத்தில்தான் இருக்கிறான். அவனும் எங்களுக்குத்தான் வாக்குப் போட்டான்," என்றார் நிமிர்ந்து.

அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு போய் அவருக்குக் கைகொடுத்தார்.

ஆட்சி இன்னும் மாறவில்லை. ஆனாலும் தேர்தலில் வென்ற ஒருவரை நான் நேரில் கண்டிருக்கிறேன்.