முப்பத்தோராம் நாள் பாட்டு

எழுத உட்காருமுன் ஞானரட்ணம் மாமா கைபேசியை அணைத்து, வாசலில் கிடக்கும் பனிச் சப்பாத்துக்குள் வைப்பார். பிறகு கம்பளித் தொப்பி போடுவார். காது மூடியிருந்தால்தான் அவருக்கு வரி வரும். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் மூன்று அறை வீடு. மூன்றாவது அறை அவருடைய நாவலுக்கு. பஸ் கழுவும் வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொள்வார். பத்தொன்பது வருடங்களாக நாவல் முடியவில்லை.

மேசைக்கு மேலே ஓர் ஆங்கில அச்சுப்படம். பதினெட்டாம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரம்; மகள் துஷ்யா பழைய பொருள் சந்தையில் வாங்கியது. கூரையறையில் ஓர் எழுத்தாளன் இறகுப் பேனையைக் கடித்தபடி முகட்டைப் பார்த்திருக்கிறான். எலி அவன் காலுறையைக் கொறிக்கிறது. மனைவி முதுகு காட்டி நின்று, அவன் எழுதிய தாள்களால் அடுப்பு மூட்டுகிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் மாமா காட்டுவார்: "இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தியே என்னைக் கீறிப்போட்டாங்கள், பாருங்கோ!"

அவர் மனைவி அருள்ராணி மாமி ஒருமுறை கதவடியில் நின்று என்னிடம் சொன்னார்: "அவளின்ரை முகத்தைக் கீற மறந்துபோனான், பிள்ளை." சொல்லிச் சிரித்தார்.

மாமி போன மாதம் இறந்துவிட்டார்.

ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் யார் இறந்தாலும், முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலருக்கு, இறந்தவரைப் புகழும் கல்வெட்டுப் பாட்டு எழுதுகிறவர் மாமாதான். பெயரைக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். தட்டெழுதிக் கொடுப்பது நான். மாமியின் மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வியாழன் பின்னேரம்தான் இரண்டு வரி வந்தது. தொப்பியைக் கழற்றாமலே வாசித்தார்:

"அன்னமிட்டு மகிழ்ந்தவளே, அடுக்களையின் திருவிளக்கே..."

"அம்மாவுக்குச் சமையலே பிடிக்காது, அப்பா," என்றாள் துஷ்யா.

"என்ன விசர்க்கதை? முப்பது வருசம் சமைச்சவவெல்லே!"

"ஓம், சமைச்சவ. பிடிக்காது. இதே விளக்கைத்தான் செத்துப்போன புளோறன்ஸ் அன்ரியின்ரை மலரிலையும் ஏத்தினனீங்கள்."

"அப்ப என்னதான் பிடிக்கும்?"

"நீந்துறது. ஆறு வருசமா ஒவ்வொரு சனியும் நீச்சல் குளத்துக்குப் போனவ."

"சனியிலை அவ கோயிலுக்கெல்லே போறவ?"

"ஈரத்தலையோடை ஆர் அப்பா கோயிலாலை வாறது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்கேல்லை."

மாமா தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு இரண்டு வரியையும் வெட்டி, பேனையை மகள் பக்கம் நகர்த்தினார். "நீ எழுது." எங்களுக்குத் தேத்தண்ணி போட்டு வருவதாகச் சொல்லிக் குசினிக்குப் போனார்.

கேத்தல் கொதித்து அடங்கியது. அலுமாரிக் கதவொன்று திறந்து மூடியது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. சீனி எங்கே இருக்கிறதென்று அவர் எங்களைக் கேட்கவில்லை.