கடல் வரைக்கும் வீல்சேர் போகும் என்றார்

எங்கள் கோலார் தங்கவயலில் பிறந்து, இப்போது பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அந்தமான் ஹோட்டலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அந்தத் தம்பி பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னார்.

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. இடம், அந்தமானில் ஒரு சின்னத் தீவு. தீவின் பெயரை எழுதினால் ஹோட்டலைக் கண்டுபிடித்துவிடலாம், அதனால் எழுதவில்லை. போனவர்கள் மூன்று பேர். நான், என் கணவர், என் அக்கா.

அக்காவுக்குக் குழந்தையிலேயே போலியோ. ரொம்ப வருடம் காலில் இரும்பு மாட்டிக்கொண்டு கட்டையை ஊன்றி நடந்தாள். இப்போது வீல்சேர்தான். தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் பிளவுஸ் தைக்கிறாள். வாயும் கத்தரி மாதிரிதான். அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. யாரும் அவளைத் தூக்கக் கூடாது. காரணம் ஒரு கல்யாணம். பங்காருப்பேட்டையில் மாடியில் மண்டபம். சொந்தக்காரப் பையன்கள் நாலு பேர் "வாக்கா" என்று அவளை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள். பந்தி முடிந்ததும் நாலு பேரும் நாலு திசையில் போய்விட்டார்கள். எங்களுக்கோ அவள் அவர்களோடு கீழே வந்துவிட்டாள் என்ற நினைப்பு. மண்டபத்தைக் கழுவ ஆள் வந்து, அக்காவைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் மேலே ஓடினோம். அன்றைக்கு அவள் போட்ட சட்டம் இது. படி இருக்கிற இடத்துக்கு அவள் வரமாட்டாள், அவ்வளவுதான்.

அவள் கடலைப் பார்த்திருக்கிறாள். சென்னையில் ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறாள். மணலில் சக்கரம் போகாது. கால் நனைந்ததில்லை. அதைத்தான் கேட்டாள். "ஒரு தடவை தண்ணிக்குள்ள போய் ஒக்காரணும். யாரும் தூக்காம, நானே போய்." வேறு எதுவும் கேட்கவில்லை.

ஹோட்டல் தேடும் வேலை என்னுடையது. நான் தினமும் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூர் போய் வருகிறவள். எங்கள் பெட்டியில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. நான் போனில் ஹோட்டல் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பெட்டி முழுக்க ஆலோசனை. ஒருத்தர் நீச்சல் குளம் இருக்கிறதா பார் என்றார். இன்னொருத்தர் காலை டிபன் சேர்த்தா என்று கேட்டார். ஒரு அம்மா, "இன்னாத்துக்குமா அந்தமானு, ஜெயிலு பாக்கவா?" என்றார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ரூமிலிருந்து தண்ணீர் வரை சக்கரம் போக வேண்டும். எல்லா ஹோட்டலும் கடலைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். கடலுக்குப் போகிற வழியை ஒருத்தரும் போடவில்லை.

ஒரு ஹோட்டல் மட்டும் போட்டிருந்தது. மரப்பலகை அடித்த பாதை, அதன் முடிவில் நீலத் தண்ணீர். கீழே, வீல்சேரில் வருபவர்களுக்கு வசதி உண்டு என்று எழுதியிருந்தது. அதிலிருந்த நம்பருக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து போன் போட்டேன். எடுத்தவர் முதலில் கன்னடத்தில் பேசினார். ஊர் கேட்டார். சொன்னதும் குரலே மாறிவிட்டது.

"இன்னாக்கா, நம்ம ஊரா? எந்த லைனு?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளைத்தான் நாங்கள் லைன் என்போம். சுரங்கம் மூடிய பிறகு ஆளாளுக்கு ஒரு பக்கம் பிழைக்கப் போய்விட்டோம். எங்கே இரண்டு தங்கவயல்காரர்கள் பார்த்துக்கொண்டாலும் முதல் கேள்வி எந்த லைன் என்பதுதான். பதில் சரியாக இருந்தால் அதற்குமேல் விசாரணை கிடையாது. வீட்டுச் சாவியையே கொடுத்துவிடுவோம். அவர் தன் லைனைச் சொன்னார். பக்கத்தில் இருந்த கோயிலைச் சொன்னார். எல்லாம் சரி. ஆள் எங்கள் ஊர்தான், அதில் பொய் இல்லை.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் அவரிடம், அந்தப் பாதையை முழுசாக ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். பக்கத்தில் இருந்த அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஏன்டி, நம்ம ஊருப் புள்ளகிட்ட சாட்சி கேக்கறியா? அசிங்கமா இல்ல?"

அது அவர் காதிலும் விழுந்தது. "பெரியக்காவா பேசறது? நானே அந்தப் பலகை மேல நடந்திருக்கேன்க்கா. வீல்சேரு நேரா தண்ணியில போய் நிக்கும். நான் கேரண்டி" என்றார்.

அதோடு வீடியோ பேச்சு முடிந்தது.

விமானம் சரியாக இருந்தது. ஏற்றி இறக்க வண்டி வைத்திருந்தார்கள். கப்பலிலும் அகலமான பலகை போட்டார்கள். அக்கா எல்லாவற்றிலும் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள். ஹோட்டலில் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நேராகப் பலகைப் பாதைக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம்.

பாதை இருந்தது. சாப்பாட்டு மேடை வரைக்கும் இருந்தது. மேடையின் விளிம்பில் முடிந்தது. அங்கிருந்து கீழே கல் படிக்கட்டு, அதற்குக் கீழே காலே புதையும் மணல், அதற்கும் அப்புறம் கடல். படி தெரியாதபடி மேடையிலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

மேனேஜர் வந்தார். அவருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. பையன்கள் இருக்கிறார்கள், தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள், எப்போதும் அப்படித்தான் என்றார். சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் வந்து நாற்காலியின் நாலு பக்கமும் பிடித்துவிட்டார்கள். அக்காவை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. அக்கா மேடைக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"கைய எடுங்கடா! எடுங்கடா கைய!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பையன்கள் பயந்து விட்டுவிட்டார்கள். மேனேஜர் என்னிடம், உதவிதானே செய்தோம், ஏன் இப்படிக் கோபம் என்றார். நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

பெங்களூர்த் தம்பிக்குப் போன் போட்டேன். "ஆளுங்க தூக்கிக்கினு போவாங்கன்ற அர்த்தத்துலதான்க்கா சொன்னேன்" என்றார். வேறு ஹோட்டல் தேடினோம். எல்லாம் நிரம்பியிருந்தது, இல்லாவிட்டால் அங்கேயும் படி.

அக்கா மேடையிலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். முதலில் தமாஷாகப் பேசினாள். "வூட்டு டிவியில இதவிட கிட்ட தெரியும்டி" என்றாள். என் கணவரைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் போய் நனைஞ்சிட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்றாள். நாங்கள் போகவில்லை. பிறகு அவள் தமாஷும் பேசவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் ஊறுகாயும் பழமும் வாங்க மூன்று பேரும் ஆட்டோவில் கடைத்தெருவுக்குப் போனோம். வழியில் மீன்பிடிப் படகுகள் கரையேறும் இடம். சிமெண்ட்டில் ஒரு சரிவு போட்டிருந்தார்கள். ரோட்டில் ஆரம்பித்துத் தண்ணீருக்குள் போய் மறைந்தது. படகைக் கயிறு கட்டி அதன் வழியாக இழுப்பார்கள்போல. அக்கா ஆட்டோக்காரர் தோளைத் தட்டினாள். "நிறுத்துங்க."

மீன் நாற்றம், ஈ, டீசல் வாடை. எந்த ஹோட்டலும் படம் பிடித்துப் போடாத இடம். அங்கே வேலை செய்தவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் தெலுங்கு தெரியாதவர்கள் குறைவு. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அக்கா தெலுங்கிலேயே கேட்டாள். இதில் நான் தண்ணீருக்குள் இறங்கலாமா?

அவர் அக்காவைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். கீழ்ப்பகுதி முழுக்கப் பாசி, வழுக்கும் என்றார். பிறகு ஒன்று கேட்டார். "நாங்க தூக்கணுமா, நீங்களே போறீங்களாம்மா?"

இதை ஒருவர் அக்காவிடம் கேட்டு நான் கேட்டதே இல்லை.

"நானே போறேன்" என்றாள் அக்கா. "கயிறு மட்டும் புடிங்க."

நாற்காலியின் பின்சட்டத்தில் கயிறு கட்டினார்கள். மறுமுனையை மேலே இருந்த இரும்புக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் படகுக்காரரும் என் கணவரும் பிடித்துக்கொண்டார்கள். அக்கா உத்தரவு போட்டாள். நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் இறக்க வேண்டும். மூன்று தட்டினால் மேலே இழுக்க வேண்டும். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்துச் சொல்வார்கள். எங்கள் அப்பா அந்தக் கேஜை இழுக்கும் இன்ஜினில் வேலை செய்தவர். சின்ன வயதில் நாங்கள் கட்டில் காலைத் தட்டி விளையாடிய விளையாட்டு அது. படகுக்காரர் சிரித்துவிட்டு, "கேப்டன் அம்மா" என்றார்.

இரண்டு தட்டு. நாற்காலி இறங்கியது. நான் பக்கவாட்டில் கூடவே இறங்கினேன். பாசி தொடங்கிய இடத்தில் நாற்காலி சட்டென்று சறுக்கிக் குறுக்கே திரும்பியது. நான் அலறினேன். அக்கா அலறவில்லை, ஒரு தட்டுத்தான் தட்டினாள். கயிறு விறைத்து நின்றது. அவளே சக்கரத்தைத் திருப்பி நேராக்கினாள். மறுபடி இரண்டு தட்டு.

தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது, அப்புறம் முழங்காலை மூடியது. ஒரு தட்டு.

நான் எதிரே போய் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏய், தள்ளி நில்லுடி. மறைக்கற" என்றாள்.

தள்ளி நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். மீனோடு கரைக்கு வந்த ஒரு படகு கொஞ்சத் தூரத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு மிதந்துகொண்டிருந்தது. கரையேற அந்தச் சரிவுதான் வழி. மேலே வேலை செய்தவர்களில் ஒருவர் கையைக் காட்டி நிற்கச் சொல்லியிருக்கிறார். படகில் இருந்தவர்கள் கத்தவில்லை, அவசரப்படுத்தவில்லை. ஒருத்தர் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐஸ் கரைந்துகொண்டிருந்திருக்கும். அக்காவாக மூன்று தட்டு தட்டும் வரை அந்தப் படகு அங்கேயே நின்றது. கொடுத்த காசை யாரும் வாங்கவில்லை. பெரிய மீன் ஒன்றைக் கொடுத்தார்கள், ஹோட்டலில் பொரித்துத் தரச் சொல்லுங்கள் என்று.

என் கணவர் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கரையிலிருந்து எடுத்த ஒரு படத்தை எங்கள் ரயில் பெட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தண்ணீருக்கு நடுவே நாற்காலி, அதில் அக்காவின் முதுகு, எதிரே கடல். எல்லோரும் வாழ்த்தினார்கள். அது அப்படியே கைமாறிப் போயிருக்கிறது.

ஊருக்கு வந்ததும் ஹோட்டலைப் பற்றி நடந்ததை நடந்தபடி இணையத்தில் எழுதினேன். தம்பி போன் மேல் போன் போட்டார். "எடுத்துடுங்கக்கா. ஊருக்காரங்களுக்குள்ள பேசி முடிச்சிக்கலாம். நம்ம ஊரு பேரு கெட்டுடும்." ஊர்ப் பேரை அடகு வைத்தது யார் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

போன மாதம் கோரமண்டலில் எங்கள் பெட்டியில் ஏறும் ஒருவர் தன் போனைக் காட்டினார். அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்து இப்போது வீல்சேர். அந்த ஹோட்டலில் ரூம் போடலாம் என்று இருக்கிறாராம். "ஒங்க அக்காவே போய் வந்த எடமாச்சே" என்றார். விளம்பரத்தில் இருந்தது என் அக்காவின் முதுகு. படகுத் துறையில் எடுத்த படம். மேலே, எங்கள் ஹோட்டல் கடற்கரையில் என்று எழுதியிருந்தது. கீழே அந்தத் தம்பியின் நம்பர்.

அக்காவிடம் காட்டினேன். ஊசியைக் கீழே வைக்காமல், "என் முதுகு நல்லாத்தான் விழுந்திருக்கு. எடந்தான் பொய்யி" என்றாள். நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "அந்தப் பொம்பளைய போவ வுடாத" என்றாள்.

போக விடவில்லை. ஆனால் எங்கள் பெட்டியில் ஏறாதவர்களை யார் தடுப்பது? அதற்காகத்தான் எழுதுகிறேன். இந்த ஒரு பயணத்துக்குப் பிறகு யாருக்குக் கை கொடுக்கப் போனாலும் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறேன். அது அந்தப் படகுக்காரர் கற்றுக்கொடுத்தது. தம்பி, உங்களிடம் எனக்குப் போனில் பேச எதுவும் இல்லை. அந்த விளம்பரத்தில் இருக்கிற பெண் உட்கார்ந்திருப்பது உங்கள் ஹோட்டல் கடற்கரையா, இல்லையா? அதே விளம்பரத்துக்குக் கீழே, உங்கள் பெயரைப் போட்டு, எல்லோரும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள்.