பூசை ஏழுக்கு, வகுப்பு எட்டுக்கு

"ஞாயிற்றுக்கிழமையிலை வேதக்காரருக்கு என்ன படிப்பு? நான் கோயில் பங்குச்சபைச் செயலாளர். நீர் பூசைக்கு வராமல் கொப்பியோடை திரியுறீர் எண்டு ஊர் கதைக்குது. எனக்கு முகம் குடுக்கேலாமல் கிடக்கு."

இது என் கணவர். வாயில் நான் சுட்ட தோசையை வைத்துக்கொண்டே சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றேன் என்று நினைக்காதீர்கள். "இஞ்சருங்கோ, பூசையை ஏழுக்கு வைச்சதும் நானில்லை, வகுப்பை எட்டுக்கு வைச்சதும் நானில்லை" என்றேன்.

வார இறுதி மாணவி என்பது சம்பளமில்லாத தொழில். அதிலும் கிறிஸ்தவ மாணவி என்றால் லீவும் இல்லாத தொழில். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பதினெட்டு வயதில் இடப்பெயர்வோடு நின்றுபோன என் படிப்பை, பிள்ளைகள் இரண்டும் வெளிநாடு போன பிறகு, திரும்பத் தொடங்கினேன். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கல்லூரியில் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா. சனியும் ஞாயிறும் காலை எட்டு மணி முதல் பின்னேரம் ஆறு வரை வகுப்பு. ஆகவே, பின்னேரப் பூசைக்குப் போகலாமே என்று புத்தி சொல்ல வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போகலாம். எங்கள் ஊர்ப் பூசை முடியவே எட்டாகிவிடும்; அங்கே எட்டு மணிக்கு வரவு எடுப்பார்கள். வரவு குறைந்தால் சோதனை எழுத விடமாட்டார்கள்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பூசையையும் விடமாட்டேன், சோதனையையும் விடமாட்டேன்.

மூன்றாவது குறிப்பு

டவுனில் ஒரு கோயிலில் ஞாயிறு ஆறு மணிப் பூசை இருப்பதைக் கண்டுபிடித்தேன். விடியவே ஸ்கூட்டியை எடுத்து, உரும்பிராய்ச் சந்தி தாண்டிப் போய் முன்வாங்கில் இருந்துவிடுவேன். ஏழேகாலுக்குப் பூசை முடிந்தால் வகுப்புக்கு ஆறுதலாகப் போகலாம். முடிந்தால்தானே! அங்கே இருந்தவர் இளம் பாதர். எல்லாப் பிரசங்கத்திலும் மூன்று குறிப்பு வைத்திருப்பார். இரண்டாவது குறிப்பிலேயே ஏழு மணி ஆகிவிடும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் உடுப்பு மாற்ற முதலே பிடித்துக்கொண்டேன். "பாதர், இண்டைக்கு நல்ல சுருக்கமாய் முடிச்சியள். வாற கிழமையும் இப்பிடியே முடிச்சியள் எண்டால் ஒரு மாணவி சோதினை பாஸ் பண்ணுவாள்" என்றேன்.

அவர் சிரிக்கவே இல்லை. "அக்கா, நீங்கள் முன்னுக்கு இருந்து மணிக்கூட்டைப் பாத்த பார்வையிலை நான் மூண்டாவது குறிப்பை விட்டிட்டன். அதுதான் பொறுமையைப் பற்றினது."

றால் கறி

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள் கவிதா. நீர்வேலிப் பிள்ளை, என் மகளின் வயது. சைவம். அன்ரி, அன்ரி என்று சுற்றிச் சுற்றி வருவாள். என் குறிப்புகளையெல்லாம் படம் எடுத்துக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை மதியம் பெரிய சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். வேதக்காரருக்கு மீன் மச்சம் இல்லாமல் சோறு இறங்காது என்று யாரோ அவளுடைய தாய்க்குச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் விரதம். அந்த மனுசி கிணற்றடியில் தனியாக அடுப்பு மூட்டி எனக்கென்று றால் கறி காய்ச்சி அனுப்பியிருக்கிறா.

எனக்கோ தபசுகாலம். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் மீன், இறைச்சி தொடுவதில்லை என்று நேர்த்தி வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்ததும் வந்த வாசத்தில் நேர்த்தி கொஞ்சம் ஆடத்தான் செய்தது. மூடி வைத்துவிட்டு, என்னுடைய பருப்பையும் கீரையையும் வெளியே எடுத்தேன்.

கவிதா என்னையும் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள். "அன்ரி, நாங்களும் சைவம், நீங்களும் சைவம் எண்டால் இந்தக் கறியை எந்தச் சமயத்துக்குக் குடுக்கிறது?"

ஒரு கையெழுத்துத்தானே

ஈஸ்டர் முடிந்த கையோடு இளம் பாதருக்கு இடமாற்றம் வந்தது. ஆறு மணிப் பூசையும் அவரோடு போய்விட்டது. அடுத்த இரண்டு ஞாயிறும் எங்கள் பங்குக் கோயிலில் ஏழு மணிப் பூசை கண்டுவிட்டு ஓடினேன். இரண்டு முறையும் வகுப்புக்குப் பிந்தினேன். இன்னும் ஒருமுறை பிந்தினால் சோதனை இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கவிதா உடனே வழி சொன்னாள். என் கையெழுத்தை அவளே போட்டுவிடுவாளாம். நான் ஆறுதலாக வரலாமாம். "பூசைக்குப் போறதுக்குப் பொய்க் கையெழுத்தோ? அங்கை போய் முழந்தாளிலை நிண்டு நான் என்னெண்டு சொல்லுறது?" என்று பாய்ந்தேன். அந்த ஞாயிறு பூசைக்குப் போகாமல் வகுப்பில் போய் இருந்தேன். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து கணவருக்கு நடந்ததைச் சொன்னேன். பங்குச்சபைச் செயலாளர் அல்லவா, மெச்சுவார் என்று பார்த்தேன். மனிதர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளையாக் கிடக்கு. போடட்டுமன்."

இளம் ஆக்கள் ஏன் பூசைக்கு வருவதில்லை

இதுதான் வெள்ளி பின்னேரம் நடந்த பங்குக் கூட்டத்தின் விஷயம். போன் கெடுத்துவிட்டது என்றார் ஒருவர். வெளிநாட்டுக் காசு கெடுத்துவிட்டது என்றார் இன்னொருவர். கணவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். வேறு யாரும் பேச விருப்பமோ என்று பங்குத்தந்தை கேட்டார். எழும்பினேன். கணவர் என்னை இருக்கச் சொல்லிக் கண் காட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பாதர், பிள்ளையள் ஒரு இடமும் கெட்டுப்போகேல்லை. ஞாயிறு காலமை ஏழு மணிக்கு ரியூசனிலை நிக்குதுகள். போற வழியிலை நான் காணுறனான். மோட்டார்சைக்கிளிலை கொண்டுவந்து இறக்கிப்போட்டு, வேர்க்க வேர்க்கப் பூசைக்கு ஓடுறது ஆர் எண்டும் காணுறனான். பேர் சொல்லேல்லை, எல்லாரும் இஞ்சைதான் இருக்கினம்."

மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் திடீரென்று தங்கள் செருப்பைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

"ஆறு மணிக்கு ஒரு பூசை வையுங்கோ. அதுகளும் வருங்கள், நானும் சோதினை எழுதுவன். கோயில் கூட்டிறதும் நான், வாசகம் வாசிக்கிறதும் நான். சம்மதமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

ஒரு கைகூட எழும்பவில்லை. பங்குத்தந்தை என் கணவரைப் பார்த்தார். கணவர் பேனைக்கு மூடியைத் தேடினார். கிறிஸ்தவ மாணவிக்குப் படிப்பும் பாரமில்லை, சமயமும் பாரமில்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கிற ஆட்கள்தான் பாரம்.

நான் இருக்கவில்லை, நின்றுகொண்டே கேட்டேன்.

"ஆறு மணிக்கு, பாதர். வாற ஞாயிறே தொடங்குவம், என்ன?"