கூட்டத்தில் ஒருத்தி

அலுவலகத்தில் அவளுக்குக் கூட்டக்காரி என்று பெயர். முதலீட்டு நிறுவனத்தில் கணக்குப் போடுகிறவள். ஒரே நிதியில் ஆயிரக்கணக்கான பேர் பணம் போட்டிருக்கிறார்கள். எவரும் பக்கத்து ஆளைப் பார்ப்பதில்லை. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் இருப்பதா, கிளம்புவதா என்று முடிவெடுக்கிறார்கள். அதைக் கணிப்பதுதான் அவள் பிழைப்பு. அந்தக் கணக்கில் தனி ஆளின் எடை பூஜ்யம். நடுவில் திடீரென்று ஒரு தாவல் வரும். விலை படிப்படியாக இறங்காமல் மாடியிலிருந்து குதிக்கும். எப்போது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. வரும் வாய்ப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் சொல்லலாம்.

அந்த வாரம் அந்த வாய்ப்பு கூடிக்கொண்டே போனது. மேலாளரிடம் சொன்னாள். "பார்த்துக்கலாம்" என்றார். அந்த மனிதர் இதுவரை எதைத்தான் பார்த்தார்! அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்காவின் பணம் முழுக்க அந்த நிதியில்தான் கிடந்தது.

மாலையில் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, நாளைக்கே பணத்தை எடுத்துடு."

"ஏன், முழுகப் போகுதா?"

"தெரியல. மனசு சரியில்ல. நீ ஒருத்தி எடுத்தா ஒண்ணும் ஆகாது."

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "யாரு சொன்னா ஆகாதுன்னு? என்னைப் பார்த்துத்தான் இந்தக் கட்டடத்துல அஞ்சு வீட்டுக்காரங்க போட்டிருக்காங்க. என் தங்கச்சி அங்கதான் இருக்கான்னு நான்தான் பீத்திக்கிட்டேன். அவங்களுக்கும் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்க்கா. வெளிய தெரிஞ்சா எல்லாரும் ஒரே நாள்ல ஓடி வருவாங்க. அதுவே கவிழ்த்துடும்."

"அப்ப நானும் எடுக்கல. நாளைக்கு அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

கெஞ்சினாள், சண்டை போட்டாள். அக்கா பிடித்த பிடியில் நின்றாள்.

அதே வாரம் தாவல் வந்தது. காபி ஆறுவதற்குள் விலை பாதியாகிவிட்டது. கூட்டம் வாசலுக்கு முண்டியடித்தது. எல்லாம் கணக்கு சொன்னபடியே. வெட்கங்கெட்ட கணக்கு!

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். திட்டு விழப்போகிறது என்று பயந்துகொண்டே இவள் எடுத்தாள். அக்கா திட்டவில்லை.

"அந்த அஞ்சு வீட்டுக்காரங்களும் வந்தாங்க. உங்க பணமும் போச்சான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்புறம் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லல." பிறகு கேட்டாள். "உன் பணமும் அதுலதானே இருந்தது?"

 கூட்டக்காரிக்குப் பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அக்காவிடம் முடியவில்லை.

"உன்கிட்ட வர்றதுக்கு முந்தின நாளே எடுத்துட்டேன்க்கா."

"சரி," என்றாள் அக்கா. "அடுப்புல பால் வச்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டாள்.